கொழிஞ்சாம்பாறையிலிருந்து எல்.எல்.எம்.: ஒரு வருஷமா, ரெண்டு வருஷமா, எந்தப் பக்கம்?

8 ஜூன் 2025, வாசகர் கேள்வி

பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை பக்கம் வீடு. பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் மீடியம். எல்.எல்.பி. கோயம்புத்தூரில் படித்தேன். மலையாளம் பேசுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், அதோடு சரி. கேரள பார் கவுன்சிலில் பதிவு செய்து எட்டு மாதம் ஆகிறது. எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலை முடித்தால் லெக்சரர் ஆகலாம், மாஜிஸ்ட்ரேட் ஆகலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஒரு வருஷப் படிப்பு போதும் என்கிறார் ஒருவர். அது செல்லாது என்கிறார் இன்னொருவர். தமிழ்நாட்டில் படிக்கவா, கேரளத்திலா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

8 ஜூன், இரவு

பதில் சொல்கிற நான் சித்தூர் கோர்ட்டில் வக்கீல். மாஜிஸ்ட்ரேட் ஆக எல்.எல்.எம். வேண்டாம். அந்தப் பரீட்சைக்கு எல்.எல்.பி. போதும். போன மாதம் 20ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததே, பார்க்கவில்லையா? கீழ் நிலை நீதிபதி வேலைக்கு இனி குறைந்தது 3 ஆண்டு வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும், பத்து வருஷ அனுபவமுள்ள வக்கீல் ஒருவர் அதற்குச் சான்று தர வேண்டும். உங்களுக்கு எட்டு மாதம் கையில் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எல்.எல்.எம். என்பது வாத்தியார் வேலைக்கு. அல்லது ஒரு விஷயத்தின் மேல் பைத்தியம் பிடித்தவர்களுக்கு.

ஒரு வருஷப் படிப்பை இந்திய பார் கவுன்சில் ரத்து செய்துவிட்டது. ரெண்டு வருஷமே படியுங்கள்.

9 ஜூன்

நேற்று எழுதியதில் கடைசி வரி தப்பு. கீழே ஒருவர் திட்டியிருக்கிறார், நியாயமான திட்டுதான்.

நடந்தது இது. ஒரு வருஷ எல்.எல்.எம். வந்தது பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2012ஆம் வருஷ வழிகாட்டுதலால். மொத்தம் 24 கிரெடிட். கட்டாயப் பாடம் மூன்று: ஆராய்ச்சி முறை, ஒப்பீட்டுப் பொதுச் சட்டம், உலகமயச் சூழலில் சட்டமும் நீதியும். மீதி விருப்பப் பாடங்கள், அப்புறம் ஒரு ஆய்வேடு. 2021 ஜனவரியில் பார் கவுன்சில் புது விதிகளை அரசிதழில் போட்டது. எல்.எல்.எம். என்றால் ரெண்டு வருஷம், நாலு செமஸ்டர், ஒரு வருஷக் கணக்கு முடிந்தது என்று அதில் இருந்தது. உடனே வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அமலாக்கம் தள்ளிப் போடப்பட்டது. தேசிய சட்டப் பல்கலைகள் இன்றுவரை ஒரு வருஷ எல்.எல்.எம்.முக்கு ஆள் சேர்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.

நான் 2021 செய்தியைப் படித்துவிட்டு அதற்கப்புறம் செய்தித்தாளை மூடி வைத்தவன் மாதிரி பேசிவிட்டேன். அந்த வரியை அழிக்கவில்லை, கிடக்கட்டும். ஊரில் நாலு பேர் இன்னும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

11 ஜூன்

எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும்.

கேரளத்தில் மூன்று வாசல். ஒன்று, களமசேரியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலை, நுவால்ஸ் என்பார்கள். ஒரு வருஷப் படிப்பு, தேசிய சட்டப் பல்கலைகளின் பொது நுழைவுத் தேர்வான கிளாட் பரீட்சை வழி. ரெண்டாவது குசாட் என்கிற கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலை. அங்கே சட்டத் துறை பழையது, பெயர் பெற்றது. அறிவுசார் சொத்துரிமைக்கென்றே தனி மையமும் உண்டு. நுழைவுக்கு அவர்களே பரீட்சை வைக்கிறார்கள். மூன்றாவது, திருவனந்தபுரம், எர்ணாகுளம், திருச்சூர், கோழிக்கோடு அரசு சட்டக் கல்லூரிகள். நுழைவுத் தேர்வு ஆணையர் நடத்தும் பரீட்சை, ரெண்டு வருஷப் படிப்பு. உங்களுக்குப் பக்கம் திருச்சூர்.

அந்தப் பக்கம் என்றால், சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலையும் சென்னைப் பல்கலையின் சட்டத் துறையும். திருச்சியில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலை, அதுவும் கிளாட் வழி, ஒரு வருஷம்.

நான் படித்தது அந்தப் பக்கம். ரெண்டு வருஷம். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினால் தமிழ்நாடு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று சேர்ந்தேன். வகுப்பு நன்றாக இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். தலைவலி பட்டம் கைக்கு வந்த பிறகுதான். இங்கே ஒரு சட்டக் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர் இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். வெளி மாநிலப் பட்டம், இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்று ஈக்விவலன்சி சான்று கொண்டு வா என்றார்கள். இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா என் சிலபஸ் கட்டை ஒரு பக்கம் விடாமல் புரட்டினார். நாற்பத்து சொச்சம் பக்கம். கடைசிப் பக்கத்தில் கல்லூரி முத்திரை இருக்கிறது, மற்ற பக்கங்களில் இல்லை. "எல்லாப் பேஜிலும் சீல் வேணும்" என்று திருப்பித் தந்தார். போய் சீல் வாங்கி வந்தேன். அப்புறம் பார்த்தால் மார்க் லிஸ்டில் பிரிவின் பெயர் ஒரு மாதிரி, பட்டத்தில் வேறு மாதிரி. ரெண்டும் ஒன்றுதான் என்று அங்கிருந்து கடிதம் வேண்டுமாம். நாலு தடவை போய் வந்தேன். எட்டு மாதம் கழித்துச் சான்று கிடைத்தது. அந்த கெஸ்ட் லெக்சரர் இடத்தில் அதற்குள் வேறொருவர் ஒரு செமஸ்டரே நடத்தி முடித்துவிட்டார்.

அதனால் சொல்கிறேன், எங்கே படிப்பது என்பதைவிட அந்தச் சான்றிதழை நாளைக்கு எந்த மேசையில் நீட்டப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கேரளத்தில் வேலை என்றால் கேரளத்தில் படிப்பது உத்தமம்.

12 ஜூன்

"அங்கே படித்தால் ஒதுக்கீடு கிடைக்குமே" என்று ஒருவர் கேட்கிறார். கிடைக்காது ஐயா. தமிழ் பேசினாலும் ரேஷன் கார்டு கேரளம். தமிழ்நாட்டில் வெளி மாநிலத்தார் பொதுப் பிரிவில்தான் வருவார்கள், அங்கே அதே சாதி எந்தப் பட்டியலில் இருந்தாலும் சரி. பட்டியல் சாதி அந்தஸ்தே மாநிலம் விட்டு மாநிலம் கூட வராது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னதை எல்.எல்.பி.யிலேயே படித்திருப்பீர்கள். படித்தது பரீட்சைக்கு, மறந்தது வாழ்க்கைக்கு.

15 ஜூன்

இந்தப் பேச்சைத் தேடி வந்த ஒரு நண்பர் "சித்தூரில் எல்.எல்.எம். என்றால் பி.ஜி.எல்.செட் எழுதணுமே, அதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை" என்று ரெண்டு நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இன்று காலைதான் விளங்கியது. அவர் நகரி பக்கத்துத் தமிழர். அவர் சொல்வது ஆந்திரச் சித்தூர். நாங்கள் பேசுவது பாலக்காட்டுச் சித்தூர். எங்கள் கோர்ட்டுக்கு வர வேண்டிய ரிஜிஸ்டர் தபால் ஒன்று ஆந்திரம் வரை போய்த் திரும்பி வந்ததை நானே பார்த்திருக்கிறேன், இது என்ன புதுசா.

வந்தவர் சும்மா போகவில்லை, விவரமும் கொடுத்தார். ஆந்திரத்தில் எல்.எல்.எம். நுழைவுக்கு பி.ஜி.எல்.செட். 120 கேள்வி, 90 நிமிஷம். திருப்பதியில் வெங்கடேசுவரா பல்கலையும் பெண்களுக்கான பத்மாவதி பல்கலையும் இருக்கின்றன. அரசியல் சட்டத்தின் 371டி பிரிவின் கீழ் வந்த ஆணைப்படி 85 சதவீத இடம் உள்ளூர்க்காரர்களுக்கு. நகரி, புத்தூர்த் தமிழர்கள் அங்கே உள்ளூர்க்காரர்கள்தான், வீட்டில் என்ன மொழி பேசினாலும். அவர்கள் சென்னைக்கு ஓடுவதைவிடத் திருப்பதிக்குப் போவது லாபம் என்கிறார் நண்பர். நான் பதினொன்றாம் தேதி சொன்னதையே அவர் தெலுங்கு தேசத்திலிருந்து சொல்கிறார். எல்லையில் வாழ்கிறவனுக்கு எந்தப் பக்கத்திலும் ஒரே கதை.

30 ஜூன்

ஆன்லைனில் எல்.எல்.எம். படிக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தபால் வழி, ஆன்லைன் வழி, பாதி நேரில் பாதி கணினியில் என்று அனுமதி இல்லாமல் நடத்துகிற எல்.எல்.எம். எதுவும் செல்லாது என்று பார் கவுன்சில் இந்த மாதக் கடைசியில்தான் மறுபடி எச்சரித்திருக்கிறது. தொலைநிலைக் கல்வியில் சட்டப் படிப்பு கூடாது என்பது யு.ஜி.சி. விதியிலேயே இருக்கிறது. பணம் கட்டிவிட்டேன் என்று எழுதியவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ரசீதைப் பத்திரமாக வையுங்கள், நுகர்வோர் கோர்ட்டுக்கு உதவும்.

19 ஜூலை

ஒருவருக்கு லண்டன் ஆசை. தப்பில்லை. என் சித்தப்பா பேத்தி போய்விட்டு வந்தாள், அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அங்கே வகுப்பு வழி முதுகலை என்றும் ஆய்வு வழி என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். எல்.எல்.எம். பொதுவாக வகுப்பு வழி. ஒரு வருஷம், 180 கிரெடிட். அதில் 120 அளவுக்குப் பாடங்கள், 60 அளவுக்கு ஆய்வேடு. சட்டப் பட்டம் இல்லாதவர்கள் அதே துறையில் எம்.ஏ., எம்.எஸ்ஸி. என்ற பெயரில் சேர்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் இருக்கிறவர் அதே பாடம்தான் படிப்பார், பட்டத்தின் பெயர் மட்டும் வேறு. இதைத் தெரியாமல் மலிவாக இருக்கிறது என்று எம்.ஏ.வில் சேர்ந்துவிட்டு இங்கே வந்து எல்.எல்.எம்.முக்குச் சமம் என்று கேட்டால் நான் பட்ட பாடு உங்களுக்குப் பத்து மடங்கு.

எல்.எல்.எம்.முக்கே சிக்கல் உண்டு. வெளிநாட்டு ஒரு வருஷப் பட்டம் மட்டும் போதாது, இந்தியப் பல்கலை ஒன்றில் ஒரு வருஷம் வருகைதரு ஆசிரியராகவோ வேறு வகையிலோ பாடம் நடத்தியிருந்தால் பரிசீலிக்கலாம் என்பது அந்த 2021 விதிகளில் இருக்கிறது. அங்கே படித்ததால் அங்கே வக்கீல் ஆகிவிடவும் முடியாது, அதற்கு வேறு பரீட்சை. பிரிட்டிஷ் அரசு உதவித்தொகை என்றால் செவனிங் இருக்கிறது, ஆனால் ரெண்டு வருஷ வேலை அனுபவம் கேட்கிறார்கள்.

அவள் சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். அங்கே வகுப்பு வாரத்துக்குச் சில மணி நேரமே. மற்ற நேரம் முழுக்கப் படிக்கக் கொடுத்ததைப் படித்துவிட்டு வர வேண்டும். படிக்காமல் போனால் முதல் அஞ்சு நிமிஷத்தில் மாட்டிக்கொள்வாயாம். என் ரெண்டு வருஷத்தில் நான் அப்படி மாட்டியதே இல்லை. அது எனக்குப் பெருமையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

3 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட பெண் மறுபடி எழுதியிருக்கிறார். கிளாட் விண்ணப்பம் 1ஆம் தேதி திறந்துவிட்டது, 4,000 ரூபாய் கட்டணம், போடலாமா என்று. போடுங்கள். 120 கேள்வி, ரெண்டு மணி நேரம், தப்பான பதிலுக்குக் கால் மார்க் போகும். அரசியல் சட்டம் பெரும் பங்கு. அது பெரிய விஷயமில்லை.

பெரிய விஷயம் ஆய்வேடு. ஒரு வருஷப் படிப்பில் சேர்ந்து மூச்சு விடுவதற்குள் தலைப்பு கேட்பார்கள். எல்லாரும் செயற்கை நுண்ணறிவும் சட்டமும், தனியுரிமையும் சட்டமும் என்று எழுதிக் கொடுப்பார்கள். வேண்டாம் அம்மா. உங்கள் வீட்டு வாசலில் கிடக்கிறது தலைப்பு.

மூலத்தறைத் தடுப்பணையில் தண்ணீர் திறக்கவில்லை என்று வருஷா வருஷம் சித்தூர் விவசாயிகள் ரோட்டில் உட்காருகிறார்களே, அது எந்த ஒப்பந்தத்தின் கீழ் வர வேண்டிய தண்ணீர்? பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம், 1970இல் கையெழுத்தானது, 1958 முதல் செல்லும் என்று போட்டார்கள். மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்குத் தர வேண்டும். 30 வருஷத்துக்கு ஒருமுறை மறுஆய்வு என்று அதிலேயே இருக்கிறது. ரெண்டு மாநிலம், ஒரு ஆறு, ஒரு காகிதம். அந்தக் காகிதத்தைத் தமிழில் ஒரு தரப்பும் மலையாளத்தில் ஒரு தரப்பும் பேசுகிற பேச்சை ரெண்டு மொழியிலும் கேட்டுப் புரிந்துகொள்கிற மாணவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

இல்லையென்றால் பிளாச்சிமடை. பெருமாட்டி பஞ்சாயத்து குளிர்பான ஆலைக்கு லைசென்ஸ் புதுப்பிக்க மறுத்தது 2003இல். நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்குக் காவல்காரன் மட்டுமே என்று அந்த டிசம்பரில் கேரள ஹைகோர்ட் தனி நீதிபதி சொன்னார். 2005இல் ரெண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அதை மாற்றியது. ஆலையால் 216 கோடி ரூபாய் சேதம் என்று ஒரு உயர்நிலைக் குழு கணக்குப் போட்டது. 2011இல் சட்டசபை இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியும் ஜனாதிபதி ஒப்புதல் வரவில்லை. உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம், இன்னும் அந்த ஊர்க் கிணறுகள் இருக்கின்றன.

அப்புறம் நிலம். இதுதான் எனக்குப் பிடித்தது, நான் எழுதாமல் விட்டதும் இதுதான். 1956க்கு முன் பாலக்காடு மலபார், அதாவது சென்னை மாகாணம். சித்தூர் மட்டும் கொச்சி ராஜ்யம், 1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி, சுற்றிலும் சென்னை மாகாணம் சூழ்ந்த தீவு மாதிரி. ஆகவே நாலு மைல் தள்ளி இருக்கிற ரெண்டு வயலுக்கு ரெண்டு குத்தகைச் சட்டம். காணம், வெறும்பாட்டம் என்று குத்தகை வகையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உரிமை வேறு. 1970 ஜனவரி 1இல் நிலச் சீர்திருத்தம் வந்து எல்லாவற்றையும் ஒன்றாக்கியது. ஆனால் பழைய ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், ஒன்று வழக்கில் வந்தால் இன்றும் எந்த ராஜ்யத்துச் சரக்கு என்று பார்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

வாசிப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. நான் புதிதாகப் பதிவு செய்தபோது ஒரு பாகப்பிரிவினை வழக்கு. கட்சிக்காரர் கோயம்புத்தூரில் ஒரு சீனியரிடமும் அபிப்பிராயம் கேட்டார். பேப்பர்களை நான்தான் தமிழில் எழுத்துக்கு எழுத்து பெயர்த்து எடுத்துப் போனேன். "போக்குவரவு செய்யவில்லை" என்று வில்லேஜ் ஆபீஸ் குறிப்பு. சீனியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, வயலுக்குள்ளே எதுக்குப்பா போக்குவரத்து, வழித்தட உரிமைப் பிரச்சினையா இது?" என்றார். நானும் ஆமாம் சார் என்று தலையாட்டினேன். கேரளத்தில் போக்குவரவு என்றால் பட்டா மாறுதல். வழி உரிமை பற்றி மூன்று பக்கம் அபிப்பிராயம் எழுதி வாங்கி, ஃபீஸும் கட்டி, சித்தூர் வந்து காட்டியபோது எங்கள் குமஸ்தன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மறுநாளிலிருந்து அவரிடம் உட்கார்ந்து மலையாளத்தைப் பொருள் தெரிந்து வாசிக்கப் படித்தேன். தினம் ஒரு ஆதாரம். 1971க்கு முந்தைய பழைய லிபியில் கூட்டெழுத்துகள் ஒன்றன் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு வருஷம் ஆனது. எல்.எல்.எம். எனக்குச் சோறு போட்டதா என்றால் இல்லை. அந்த வருஷம் போட்டது.

4 ஆகஸ்ட்

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு "அப்ப எல்.எல்.எம். வேண்டாம்ங்கிறீங்களா" என்று கேட்கிறார்கள். அப்படிச் சொல்லவில்லை. அவசரத்தில் அப்படி ஒலிக்கிறது. எல்.எல்.எம்.மையும் ஆதாரம் வாசிப்பதையும் நான் தனித்தனியாகச் செய்தேன், ரெண்டையும் சேர்த்துச் செய்திருக்கலாம் என்பதுதான் ஏக்கம். என் ஆய்வேடு சைபர் குற்றம் பற்றியது. அப்போது எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது.

இன்னொன்று, மொழிச் சிறுபான்மையினர் பற்றி ஒருவர் கேட்டார். 1969ஆம் வருஷக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும். நான் சோதனைக்குத் தமிழில் ஒரு மனு போட்டேன். பதில் வந்தது. மலையாளத்தில். இதுவும் ஒரு தலைப்புதான், எடுத்துக்கொள்ளுங்கள்.

26 அக்டோபர்

ரொம்ப நாள் இந்தப் பக்கம் வரவில்லை. கேள்விகள் குவிந்துவிட்டன.

வாத்தியார் வேலைக்கு எல்.எல்.எம்.மில் 55 சதவீதம், கூடவே நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு. முதல் தாள் 50 கேள்வி, ரெண்டாம் தாள் 100 கேள்வி, ஒரே மூச்சில் மூன்று மணி நேரம். எம்.ஃபில். இனி இல்லை, 2022இல் நிறுத்திவிட்டார்கள், அதைத் தேடாதீர்கள். வக்கீல் தொழிலும் வேண்டும் பாடமும் நடத்த வேண்டும் என்றால் 1979ஆம் வருஷ விதி ஒன்று இருக்கிறது. வக்கீல்கள் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வரை சட்டம் கற்பிக்கலாம். நான் இப்போது வாரத்தில் ரெண்டு நாள் அப்படித்தான் போகிறேன். வருகிற பணம் பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகிவிடும். மற்றதைக் கேட்காதீர்கள்.

8 டிசம்பர்

நேற்று கிளாட் எழுதிவிட்டேன், சுமாராகப் போனது என்று எழுதியிருக்கிறார் நம்ம கொழிஞ்சாம்பாறைப் பெண். களமசேரி கிடைத்தால் ஒரு வருஷம், இல்லையென்றால் திருச்சூர் ரெண்டு வருஷம் என்று முடிவாம். சரியான முடிவு. தலைப்பு நிலம்தானாம். பாட்டி பெட்டியில் கொச்சி ராஜ்ய காலத்து ஆதாரம் ஒன்று கிடைத்ததாகவும், முதல் வரியைத் தவிர ஒன்றும் ஓடவில்லை என்றும் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்.

படத்தில் தெரியவில்லை. மடிப்பில் மை பரவியிருக்கிறது, நாலாவது வரியில் வருவது காணமா கரமா என்று நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும். சனிக்கிழமை சித்தூர் கோர்ட்டுக்கு எதிரில் டீக்கடையில் இருப்பேன், குமஸ்தனையும் கூட்டி வருகிறேன். பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்து வாருங்கள், என்னுடையது பேரன் உடைத்துவிட்டான். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.